எங்கே கூட்டிப்போவது, யாரிடம் சொல்வது: தம்பியின் குடிக்கு நாங்கள் எடைபோட்ட வழிகள்

தம்பி டீக்கடையில் எப்போதும் அரை கிளாஸ் டீதான் கேட்பான். முழுக் காசு கொடுத்துவிட்டு அரை கிளாஸ். டீயைக் குறைத்துக்கொள்கிறான் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றபோது கவனித்தேன். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கையைத் தூக்காமல் தலையைக் கீழே இறக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தான். முழுக் கிளாஸ் வாங்கினால் வாய்க்குப் போகும்முன் பாதி சட்டையில் கொட்டிவிடும். அதற்குத்தான் அரை கிளாஸ்.

டிங்கரிங் வேலை செய்பவனுக்குக் கைதான் முதல். முந்தின ராத்திரி மிச்சம் வைத்ததைக் காலையில் ஊற்றிக்கொண்டால்தான் நடுக்கம் நிற்கும், நடுக்கம் நின்றால்தான் பட்டறைக்குப் போக முடியும் என்ற நிலைக்கு வந்திருந்தான். ஆடி மாசம் ஒரு ராத்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "அக்கா, என்னால நிறுத்த முடியல. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றான். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் அம்மா, தம்பி மனைவி, என் வீட்டுக்காரர், நான் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அம்மா சொன்ன முதல் வார்த்தை, "எதப் பண்ணாலும் யாருக்கும் தெரியாமப் பண்ணணும்." அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். என் மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம் அது. சீர்த்தட்டோடு சபையில் வந்து நிற்க வேண்டிய தாய்மாமன் அவன். பெண் கேட்டு வருகிறவர்கள் தாய்மாமனைப் பற்றி விசாரிக்காமல் இருப்பார்களா?

அந்த ஒரு நிபந்தனை எங்களை எந்தெந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே கேள்வியோடு விழித்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் நாட்டில் 5.7 கோடிக்கும் மேல். குடிக்கு அடிமையானவர்களில் ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனவர் 38 பேருக்கு ஒருவர். மிச்சம் 37 பேரையும் ஆஸ்பத்திரியின் தூரம் மட்டுமே தடுத்திருக்காது. வாசல்வரை வந்து, தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் அதில் இருப்பார்கள்.

முதலில் பேச்சில் வந்தது பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பார்களே, அதுதான். தம்பி மனைவி ஏற்கெனவே ஒரு தடவை வாங்கி ரசத்தில் கலந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பொட்டலத்தில் என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று ஒரு எழுத்தும் இல்லை. இப்படித் தெரியாமல் கொடுக்கப்படும் மருந்துகளில் டைசல்ஃபிரமும் உண்டு. அது நல்ல மருந்துதான், குடியை நிறுத்த உதவும் என்று 1940களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம். சாப்பிடுகிறவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும், அவர் சம்மதம் வேண்டும். அதனால்தான் டாக்டர்கள் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுக் கொடுக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தின பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை இருக்கும்.

பொடியால் தம்பி உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறு ஒன்று ஆயிற்று. எப்படியோ தெரிந்துபோய், அன்றிலிருந்து அவன் வீட்டில் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தான். வெறும் வயிற்றில் குடித்தான். அவளும் பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பொடியை அன்றோடு விட்டோம். அவனே வாய்திறந்து உதவி கேட்ட பிறகு அவனுக்குத் தெரியாமல் கொடுக்க என்ன இருக்கிறது?

அடுத்தது கோயில். குலதெய்வத்திடம் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டுவது, இல்லையென்றால் கார்த்திகை வரை தாக்குப்பிடித்து மாலை போட்டுவிடுவது. இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். மாலை போட்டவரை யாரும் 'ஒரே ஒரு ரவுண்டு' என்று கையைப் பிடித்து இழுப்பதில்லை. கூடக் குடித்தவனே 'சாமி' என்று ஒதுங்கி வழிவிடுகிறான். 48 நாள் குடிக்காமல் இருக்க மரியாதையான ஒரு காரணம் கிடைக்கிறது. மாலை போட்டுக் குடிக்காமல் இருந்தால் சாமி, அதையே ஆஸ்பத்திரியில் மாத்திரை சாப்பிட்டுச் செய்தால் குடிகாரன். இது எனக்கு அன்றைக்கு ரொம்ப நேரம் உறுத்தியது.

கோயிலுக்கு நாங்கள் முதலில் போகாததற்குக் காரணம் உடம்பு. காலையில் கை நடுங்குகிற அளவுக்கு வந்துவிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பதறும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை சிலருக்குப் பிதற்றல் வரும். பூச்சி ஊர்கிறது என்று உடம்பைத் தட்டுவார்கள், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார்கள். கவனிக்காமல் விட்டால் சாவுவரை போகும். கயிறு கட்டின மூன்றாம் நாள் இப்படி ஆனால் ஊரில் என்ன சொல்வார்கள்? சத்தியத்தை மீறினான், சாமி குற்றம் என்பார்கள். பேய் என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். அந்த நேரத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி வார்டு.

எங்கள் வீட்டில் இது நடந்தும் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சேர்க்கும்போது குடிப்பாரா என்று கேட்டார்கள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு "இல்லைங்க" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி பெரியப்பா டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் பாம்பு என்று முறிந்த காலோடு இறங்கப் பார்த்தார். டாக்டர் ஓடிவந்து மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அப்போதுதான் உண்மை வந்தது. பிழைத்துக்கொண்டார். 'யாருக்கும் தெரியாம' என்று அம்மா சொன்னதும் எனக்கு அந்த ராத்திரிதான் நினைவு வந்தது. வேறு எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, குடிப்பழக்கம் இருந்தால் டாக்டரிடமும் நர்ஸிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக வந்தது, கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் மறுவாழ்வு மையம். யாருக்கும் தெரியக்கூடாது என்ற நிபந்தனைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது அதுதான். என் வீட்டுக்காரர் போன் செய்தார். "நீங்க கூட்டிட்டு வர வேண்டாம் சார், ராத்திரி வண்டி அனுப்பறோம், நாங்களே தூக்கிட்டு வந்துடுவோம்" என்றார்கள். மூன்று மாசம் உள்ளே. போன் கிடையாது, முதல் மாசம் பார்க்கவும் முடியாது. "அக்கம்பக்கத்துல திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லிடுங்க" என்று சொல்ல வேண்டிய பொய்யையும் அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். அவன் தானாகவே வரத் தயார் என்று இவர் சொன்னது அவர்கள் காதில் ஏறவே இல்லை. டாக்டர் எப்போதும் இருப்பாரா என்றால், வாரத்துக்கு ஒரு தடவை வருவார் என்றார்கள். இரண்டாம் நாள் வலிப்பு வந்தால் வாரத்துக்கு ஒரு தடவை வருகிற டாக்டர் எதற்கு உதவுவார்? மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்று கேட்டதும் லைன் போய்விட்டது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியோடும் போதைப்பொருளோடும் சேர்ந்து வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. இந்த நோயாளிகளை வைத்துப் பார்க்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது என்றுகூட அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. எழுத வேண்டிய நிலை இருந்திருக்கிறது என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. நோயாளியின் விருப்பமில்லாமல் சேர்க்க வேண்டிய நெருக்கடி வந்தாலும், ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ ஒருவரும் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் முடியும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். ராத்திரி வண்டியில் தூக்கிப்போவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

எல்லா மையமும் அப்படி என்று சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் குடி நிற்கவே நிற்காது, கூடக் குடிப்பவர்கள் வாசலிலேயே காத்திருக்கிறார்கள் என்றால், தங்கிச் சிகிச்சை எடுப்பதுதான் நல்லது. அதற்கு நல்ல முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை. தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துக்கத்தை மறைத்துவைக்காமல், இனி இன்னொரு குடும்பத்துக்கு வழி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். 1992ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே நோயாளியோடு குடும்பத்துக்கும் வகுப்பு உண்டு.

அதைவிட என் மனதில் நிற்பது மஞ்சக்குடி. இன்றைய திருவாரூர் மாவட்டத்து ஊர். டி.டி.கே. ஆட்கள் அங்கேயே போய் முகாம் போட்டு, சுற்றுப்பக்க கிராமத்துக் குடிநோயாளிகளை 15 நாள் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1994ல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். சென்னைக்கு ரகசியமாக ரயில் ஏறி, ரகசியமாகத் திரும்பும் வேலையே இல்லை. யார் சேர்ந்தார்கள் என்று ஊருக்கே தெரியும். எங்கள் அம்மா பயந்ததெல்லாம் அங்கே முதல் நாளே நடந்துவிடுகிறது, அதற்கப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. முகாம் முடிந்து போகிறவர் எந்தத் தெருவில் நடக்கப்போகிறாரோ அந்தத் தெரு ஜனங்களும் அதில் பங்காளிகள். டெல்டாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறது.

தம்பியை சென்னைக்குக் கூட்டிப்போக எங்களுக்கு வசதிப்படவில்லை. அவன் மனைவி சித்தாள் வேலைக்குப் போகிறாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம். மீதி இருந்தது பெரிய அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. அம்மாவுக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். 'குடிகாரன்' போதாதென்று 'பைத்தியம்' என்ற பேரும் சேர்ந்துவிடும் என்றார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிற வராந்தாவில்தான் வரிசை. சீட்டு போடும் இடத்தில் ஒருவர், "என்ன, குடி கேஸா?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார். தம்பி வாசலைப் பார்த்தான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. "ஆமாங்க, நிறுத்தறதுக்கு வந்திருக்கோம்" என்று அதே சத்தத்தில் சொன்னேன். அப்புறம் அவர் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, எந்த அறை என்று எழுந்து வந்தே காட்டினார்.

உள்ளே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சீங்க?" ஏன் குடிக்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. எட்டு நாள் வார்டில் வைத்தார்கள். நடுக்கத்துக்கும் வலிப்பு வராமலிருக்கவும் மாத்திரை, நாளாக நாளாக அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். முதல் நாளே பி1 வைட்டமின் ஊசி. நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது மூளைக்கே ஆபத்து என்று நர்ஸம்மா விளக்கினார். ஈரல் பரிசோதனை செய்தார்கள். பிறகு குடிக்கும் ஆசையைத் தணிக்கிற மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரிவியூ. ஒரு பைசா செலவில்லை. பேசத்தான் நேரம் போதவில்லை. அத்தனை கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். கவுன்சலிங் இரண்டு தடவைதான் நடந்தது.

அந்தக் குறையை நிரப்பியது ஏ.ஏ. கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அமெரிக்காவில் 1935ல் இரண்டு குடிநோயாளிகள் ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, வருகைப் பதிவு இல்லை, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட அறையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரிய ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். புத்தி சொல்வது கிடையாது. குடியை அறவே விட்டு நிலைத்திருப்பதில் ஏ.ஏ. வழி மற்றச் சிகிச்சை முறைகளுக்குச் சளைத்ததல்ல, பல ஆய்வுகளில் ஒரு படி மேல் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2020 தொகுப்பாய்வு சொல்கிறது. உடம்பு பதறும் முதல் வாரத்துக்கு மட்டும் ஏ.ஏ. போதாது, அதற்கு ஆஸ்பத்திரிதான். 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்ற பேச்சு சிலருக்கு ஒட்டாமலும் போகலாம். தம்பிக்கு ஒட்டியது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக்கூட்டம் உண்டு, 1951லிருந்தே. தம்பி மனைவி பொடி விஷயத்தை முதன்முதலாக அழாமல் சொன்னது அங்கேதான்.

ஆகவே எங்கள் முடிவு: முதலில் அரசு ஆஸ்பத்திரி, கூடவே ஏ.ஏ., கார்த்திகையில் மாலை. அம்மாவின் கோயிலைக் கைவிடவில்லை, அதற்குரிய இடத்தில் வைத்தோம்.

எங்கே என்பது முடிந்தாலும் யாரிடம் என்பது மிச்சம் இருந்தது. ஒரேயடியாக மறைக்கலாம். எட்டு நாளைக்குத் திருப்பூர் கதை சொல்லலாம். ஆனால் திரும்பி வந்தபின் டீக்கடையில் பழைய கூட்டாளி 'வாடா' என்று இழுக்கும்போது அவன் என்ன காரணம் சொல்லி மறுப்பான்? மறைத்தால் அவனுக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை. எல்லோரிடமும் கொட்டுவதும் சரியில்லை, அது அவன் கதை. அவனையே கேட்டோம். பட்டறை முதலாளி, பக்கத்து வீடு இரண்டு, அவன் கூட்டாளிகளில் ஒருவன், இவ்வளவு பேர் போதும் என்றான். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் சம்மதமில்லாமல் வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நாங்களும் அதே வரம்பில் நின்றோம்.

என்ன வார்த்தையில் சொல்வது என்பதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜான் கெல்லி என்ற ஆய்வாளர் 2010ல் வெளியிட்ட ஆய்வில், மனநலச் சிகிச்சையாளர்கள் 500க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நோயாளியின் கதை கொடுக்கப்பட்டது. ஒரு பாதிப் பேருக்கு அவரைப் பழிக்கிற சொல்லால், மறு பாதிக்கு நோய் உள்ளவர் என்ற சொல்லால். பழிக்கிற சொல்லைப் படித்தவர்கள்தான் 'இது அவரே தேடிக்கொண்டது, தண்டித்தால் சரியாகும்' என்ற பக்கம் அதிகம் சாய்ந்தார்கள். படித்த சிகிச்சையாளர்களுக்கே அப்படியென்றால் தெருவில் நாம் 'குடிகாரன்' என்று சொல்வது என்னவெல்லாம் செய்யும்? பக்கத்து வீட்டில் நான் சொன்னது ஒரே வரி: "தம்பிக்குக் குடிநோய், ஆஸ்பத்திரியில மருந்து எடுத்துக்கிறான்." பத்து நாள் கழித்து அந்த வீட்டம்மா துணி காயப்போடும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அந்த ஆஸ்பத்திரியில எந்தக் கிழமை பாக்குறாங்க?" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்று சொல்லி, 14416, 14446 என்ற இரண்டு இலவச எண்களையும் எழுதிக் கொடுத்தேன். முதலாவது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரண்டாவது போதை மீட்புக்கான தேசிய உதவி எண். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகத் தயங்குகிறவர் வீட்டிலிருந்தே பேசலாம். குடிக்கும் பெண்களுக்கு இது இன்னும் உதவும், அவர்கள் படும் பேச்சு ஆண்களைவிடப் பல மடங்கு.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வரன் வீட்டார் தாய்மாமனைப் பற்றிக் கேட்டார்கள், உள்ளதைச் சொன்னோம். அதன்பின் அவர்களிடமிருந்து போன் இல்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் நாங்கள் பழகிக்கொண்டதும் சில உண்டு. வாயை மோந்து பார்ப்பதில்லை, சட்டைப்பையைத் துழாவுவதில்லை. "இன்னிக்குக் குடிச்சியா?" என்று கேட்பதை விட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். விசேஷ வீடுகளுக்குப் போனால் எப்போது கிளம்பலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு போகிறோம். வயிறு காயாமல் பார்த்துக்கொள்கிறாள் தம்பி மனைவி, பசியும் குடியாசையும் ஒன்றாக வருகிறது என்று அவனே சொன்னதால்.

ஏழாம் மாசம், ஒரு சாவு வீட்டில், குடித்துவிட்டான். ராத்திரி பதினொன்றரைக்கு அவனே போன் பண்ணினான். "அக்கா, தப்புப் பண்ணிட்டேன்" என்றான். எங்கே இருக்கிறான் என்று மட்டும் கேட்டு, இவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தார். இந்தத் தடவை திண்ணையில் உட்காரவில்லை, நேராக உள்ளே வந்து படுத்தான். செவ்வாய்க்கிழமை அதே வராந்தாவில் வரிசையில் நின்றோம், அம்மாவும் வந்திருந்தார். டாக்டர் நோட்டைப் புரட்டி, புதுப் பக்கத்தில் தேதி போட்டு, "கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்று கேட்டார்.